ஒரு சொல், பல சிகிச்சை
லேசர் பார்வைச் சிகிச்சை பற்றி உப்பளக் கரையிலிருந்து ஒரு விசாரணை

மரக்காணத்து அளங்களில் சித்திரை மாதத்து உச்சிப் பொழுதில் ஒரு நாழிகை நின்றவர்க்கு அவ்வெளியின் இயல்பு விளங்கும். மேலே வெயில், கீழே பாத்திதோறும் விளைந்து கிடக்கும் வெண்மை. மேலிருந்து வரும் ஒளியைத் தலைப்பாகையால் தடுக்கலாம். கீழிருந்து எழும் ஒளியைத் தடுப்பது எங்ஙனம்? பலகை கொண்டு உப்பு வாரும் ஆணும், அதைக் கூடையில் சுமந்து குவியலில் சேர்க்கும் பெண்ணும் கண்ணை இடுக்கிக்கொண்டே தை மாதம் முதல் மழை தொடங்கும் வரை காலம் கழிக்கின்றனர். உப்புக் காற்று வேறு ஓயாமல் வீசுகிறது.

இத்தகைய ஊரில் கண் மருத்துவம் பற்றிய பேச்சு அடிக்கடி எழுவது இயல்பே. சில மாதங்களுக்கு முன் அங்கத்தினர் ஒருவர் சங்க அலுவலகத்திற்கு வந்து கடன் மனுத்தாள் கேட்டார். ஐம்பதை நெருங்கும் வயது. முப்பது ஆண்டுகளாக அளத்து வேலை. “எனக்கும் என் மகளுக்கும் லேசர் வைக்க வேண்டும் ஐயா. இருவர் கணக்கையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்” என்றார். அவருடைய இடக் கண்ணில் மூக்குப் பக்கத்திலிருந்து சதை வளர்ந்து கருவிழியின் ஓரத்தைத் தொட்டிருந்தது. மகளுக்கு வயது இருபது. பள்ளி நாள் முதல் மூக்குக் கண்ணாடி அணிபவர். கண்ணாடியின் அளவு கழித்தல் 5. தந்தைக்கு இருப்பது ஒரு குறை, மகளுக்கு இருப்பது வேறு குறை. இரண்டையும் ஒரே கதிர் தீர்த்துவிடும் என்று யாரோ சொல்ல, அதை அவர் நம்பியிருந்தார்.

அவரைக் குறை கூறுவதற்கில்லை. லேசர் என்னும் ஒரே சொல்லை நாம் பல காரியங்களுக்கு வழங்கி வருகிறோம். கண்புரை எடுத்து வந்தவரைக் கேட்டால் “லேசர் வைத்து எடுத்தார்கள்” என்பார். உண்மையில் அங்குப் பெரும்பாலும் பயன்படுவது செவிக்குப் புலப்படாத மிகை ஒலியின் அதிர்வு, அல்லது சிறு கத்தி. கலங்கிப்போன உள்வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையைப் பொருத்துவதே அச்சிகிச்சை. நீரிழிவால் விழித்திரையில் இரத்தம் கசிந்தவருக்கு வைக்கும் லேசர் வேறு. கண் அழுத்த நோய்க்குரியது வேறு. இவை யாவும் நோய்க்கு மருந்து. மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவதற்காகச் செய்யப்படும் லேசரோ நோய் எதையும் தீர்ப்பதன்று; கண்ணின் முன்படலத்தின் வளைவை மட்டும் மாற்றுவது. இக்கட்டுரை அது ஒன்றைப் பற்றியதே.

கண்ணாடிக்குக் காரணம்

கருவிழியின் மேல் கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் தெளிந்த படலம் ஒன்று கவிந்திருக்கிறது. அதன் கனம் நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். மருத்துவர் அளக்கும் முறையில் சொன்னால் சுமார் 540 மைக்ரான். கண்ணுக்குள் புகும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இப்படலமே செய்கிறது. எஞ்சியதை உள்ளிருக்கும் வில்லை செய்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து குவிக்கும் ஒளி விழித்திரையின் மீது சரியாக விழுந்தால் தெளிவு. முன்னதாகக் குவிந்தால் கிட்டப்பார்வை: அருகில் உள்ளது தெரியும், தொலைவில் உள்ளது மங்கும். பின்னால் குவிந்தால் தூரப்பார்வை. படலம் எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாமல் ஒரு திசையில் சற்று நீண்டிருந்தால் சிதறல் பார்வை. மருத்துவச் சீட்டில் சிலிண்டர் என்று எழுதுவது இதைத்தான்.

ஆகவே படலத்தின் வளைவைச் சிறிது தட்டையாக்கினால் கிட்டப்பார்வை தீரும் என்பது கணக்கு. மருத்துவர் ஹோசே பராக்கர் 1949ஆம் ஆண்டிலேயே, படலத்தைச் செதுக்கி உருமாற்றும் எண்ணத்தை வெளியிட்டார். 1970களில் மாஸ்கோ நகரில் பியோதரவ் என்னும் மருத்துவர் படலத்தில் சக்கரத்தின் ஆரக்கால் போலக் கத்தியால் கீறி அதைத் தட்டையாக்கினார். உலகெங்கும் அம்முறை பரவியது. ஆனால் கீறல் பட்ட படலம் வலிமை குன்றியது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பலருக்குக் கண் தூரப்பார்வைப் பக்கம் சரிந்துகொண்டே போயிற்று. கத்தியின் கை எவ்வளவு தேர்ந்ததாயினும் மைக்ரான் கணக்கில் வெட்ட அதனால் இயலாது.

அதை இயல்வித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. ரங்கசாமி சீனிவாசன் 1929இல் பிறந்தவர். இங்கு வேதியியல் படித்து, அமெரிக்கா சென்று டாக்டர் பட்டம் பெற்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அங்கே எக்ஸைமர் என்னும் புற ஊதாக் கதிர்க் கருவியைப் பிளாஸ்டிக் முதலிய பொருள்களின் மேல் செலுத்தி ஆராய்ந்து வந்தனர். 1981ஆம் ஆண்டு நவம்பரில், நன்றி நவிலும் திருநாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சித் துண்டை ஆய்வுக்கூடத்திற்கு எடுத்து வந்து, அக்கதிரை அதன்மேல் செலுத்திப் பார்த்தார். வெட்டு விழுந்தது, ஆனால் சுற்றிலும் கருகல் இல்லை. அவரும் சாமுவேல் புளூம், ஜேம்ஸ் வைன் என்னும் உடன் ஆய்வாளர் இருவரும் அதன் பயனை உணர்ந்தனர். சூடேற்றி எரிக்காமல், தசையின் மூலக்கூறுப் பிணைப்பை அறுத்து, ஒரு துடிப்புக்கு மைக்ரானின் ஒரு பின்னம் அளவு மட்டுமே அக்கதிர் நீக்குகிறது. தச்சர் இழைப்புளி கொண்டு சீவுவதையும் விட மெல்லிய சீவல். 1983இல் ஸ்டீபன் டிரோக்கல் என்னும் கண் மருத்துவருடன் சேர்ந்து இக்கதிர் கண் படலத்திற்கு ஏற்றது என்று சீனிவாசன் குழுவினர் எழுதினர். 1988இல் அமெரிக்காவில் பார்வையுள்ள மனிதக் கண்ணில் இச்சிகிச்சை நடந்தேறியது. பின்னாளில் அம்மூவருக்கும் அந்நாட்டின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது.

மூன்று வழிகள்

விளம்பரங்களில் காணும் பெயர்கள் பலவாயினும் வழிகள் மூன்றே. படலத்தின் மேற்பரப்பிலிருந்து சீவுவது ஒன்று. மடல் திறந்து உள்ளே சீவுவது ஒன்று. உள்ளிருந்து ஒரு தகட்டை உருவி எடுப்பது ஒன்று.

முதலாவது பி.ஆர்.கே. எனப்படும். படலத்தின் மேல் தோலை முதலில் நீக்கிவிட்டு, வெளிப்பட்ட பரப்பை எக்ஸைமர் கதிரால் சீவுவர். மேல் தோலையும் கதிராலேயே நீக்குவது இதன் புதிய வடிவம். தோல் சில நாளில் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும். அதுவரை பாதுகாப்பாக ஒரு மெல்லிய வில்லையைக் கண்மேல் வைத்திருப்பர். மூன்று நான்கு நாள் எரிச்சலும் வலியும் உண்டு. பார்வை முழுத் தெளிவு பெறச் சில வாரம், சிலருக்குச் சில மாதம் ஆகும். எனினும் கண்ணில் மடல் ஏதும் இல்லாமையால் பின்னாளில் அடிபட்டாலும் மடல் நழுவும் அச்சமில்லை. மெல்லிய படலம் உடையவருக்கும் ஏற்றது.

இரண்டாவது லேசிக். ஊரெல்லாம் அறிந்த பெயர் இதுவே. படலத்தில் 100 மைக்ரான் அளவுக்கு மெல்லிய மடல் ஒன்றை ஒரு பக்கம் ஒட்டியிருக்குமாறு வெட்டி, புத்தகத்தின் ஏடுபோல் திருப்பி, உள்ளே கதிரால் சீவி, மீண்டும் மடலை மூடிவிடுவர். கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் பலிக்காரிஸ் என்பவர் 1980களின் இறுதியில் இம்முறையை வகுத்தார். முன்பு மடலை வெட்டியது சிறு இயந்திரக் கத்தி. இப்பொழுது பெரும்பாலான பெரிய மருத்துவமனைகளில் பெம்டோ நொடிக் கதிர் என்னும் மற்றொரு லேசர் அவ்வேலையைச் செய்கிறது. இத்தகைய குறுந்துடிப்புக் கதிர்களுக்கு அடிப்படை வகுத்த ஜெரார்டு முரூ, டோனா ஸ்டிரிக்லண்ட் இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. லேசிக் செய்துகொண்டவர் மறுநாளே தெளிவாகப் பார்ப்பார், வலி சொற்பம். இதன் புகழுக்குக் காரணம் அதுவே. ஆனால் அம்மடல் பழைய வலிமையோடு ஒருபோதும் முழுமையாக ஒட்டுவதில்லை. பல ஆண்டு கழிந்தும் பலமான அடி பட்டால் இடம் பெயரக்கூடும். படலத்தின் உணர்ச்சி நரம்புகள் சுற்றிலும் அறுபடுவதால் கண்ணீர்ச் சுரப்புக் குறைந்து கண் வறளும்; பலருக்குச் சில மாதங்களில் சீராகும், சிலருக்கு நீடிக்கும். கான்டூரா என்று வழங்குவதும் லேசிக்கின் ஒரு வகையே. படலத்தின் மேடு பள்ளங்களை நுணுகி அளந்து அதற்கேற்பச் சீவுவது.

மூன்றாவது ஸ்மைல். ஜெர்மனியில் உருவாகி 2010ஐ ஒட்டிப் பரவிய முறை. இங்கே எக்ஸைமர் கதிர் இல்லை. பெம்டோ கதிர் ஒன்றே படலத்தின் உள்ளே மெல்லிய வில்லை வடிவத் தகட்டை வரைந்து பிரித்துவிடும். பக்கத்தில் 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு வாய் வைத்து அத்தகட்டை மருத்துவர் உருவி எடுப்பார். மடல் இல்லை, நரம்பு அறுபடுவது குறைவு, ஆதலால் வறட்சியும் பொதுவாகக் குறைவு. பெரும்பாலும் கிட்டப்பார்வைக்கும் சிதறலுக்கும் உரியது, செலவு அதிகம். இதே வழியில் வேறு நிறுவனம் கொணர்ந்த முறைக்குச் சில்க் என்று பெயர். நெசவாளத் தோழர்கள் மயங்க வேண்டா. அதற்கும் பட்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

படலம் என்னும் முதல்

எவ்வழியாயினும் சீவிய படலம் மீண்டும் வளர்வதில்லை. இதைக் கூட்டுறவாளர்க்குச் சொல்ல வேண்டிய முறையில் சொன்னால், படலம் திரும்பக் கட்ட முடியாத முதல். ஒரு டயாப்டர் அளவைக் குறைக்கச் சுமார் 12 முதல் 15 மைக்ரான் செலவாகிறது. மேற்சொன்ன பெண்ணின் அளவு 5. ஆகவே 60 முதல் 75 மைக்ரான். படலம் 540 எனக் கொண்டு, லேசிக் மடலுக்கு 110ஐயும் சீவலுக்கு 75ஐயும் கழித்தால் அடியில் 355 நிற்கும். அடியில் 250க்குக் குறையவே கூடாது, 300 நிற்பது நலம் என்பது மருத்துவர் கொள்ளும் வரம்பு. எனவே கணக்கு நேராகிறது. மற்றொருவருக்கு அளவு 9, படலம் 480 என்று வைத்துக்கொள்வோம். மடல் 110, சீவல் 125, எஞ்சுவது 245. இவருக்கு லேசிக் ஆகாது. வற்புறுத்திச் செய்தால் கண்ணின் உள்ளழுத்தம் தாங்காமல் படலம் கூம்புபோல் முன்தள்ளிப் பார்வை கெடலாம். இப்படிப்பட்டவருக்குப் படலத்தைத் தொடாமல், கண்ணின் உள்ளே ஒரு கூடுதல் வில்லையைப் பொருத்தும் வேறு சிகிச்சை இருக்கிறது.

சிலருக்குப் பிறவியிலேயோ இளமையிலேயோ படலம் கூம்பத் தொடங்கியிருக்கும். கண்ணைக் கசக்கும் வழக்கம் அதை மிகுவிக்கும். அவர்களுக்கு இம்மூன்று வழிகளும் பொதுவாக விலக்கப்பட்டவை. அதைக் கண்டறியப் படலத்தின் வரைபடம் எடுப்பர். அவ்வரைபடம் எடுக்காமல் நாள் குறிக்கும் இடத்தில் ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கருவுற்றோர், பாலூட்டுவோர், கட்டுப்படாத நீரிழிவு உள்ளோர், பதினெட்டு வயது நிரம்பாதோர், கண்ணாடி அளவு ஓராண்டாவது மாறாமல் நிற்காதோர் ஆகியோரையும் மருத்துவர் காத்திருக்கச் சொல்வர்.

நம் கரைக்குரிய கணக்கு

நகரத்துக் காரியாலயத்தில் அமர்ந்து வேலை செய்பவருக்குச் சொல்லும் யோசனையை நம் அளத்துக்காரருக்கு அப்படியே சொல்ல முடியாது. பி.ஆர்.கே. செய்த கண்ணில், ஆறும் காலத்தில் புற ஊதாக் கதிர் மிகுந்து பட்டால் படலம் புகைபடிந்ததுபோல் மங்கக்கூடும். அதனால் சில மாதங்களுக்கு வெயிலில் நல்ல கறுப்புக் கண்ணாடி அணியச் சொல்வர். உப்புப் பாத்தியின் நடுவே நிற்பவருக்கு மேலும் கீழும் வெயில் என்று முன்பே சொன்னேன். அப்படியானால் லேசிக் செய்துகொள்ளலாமே எனின், வாளியும் கயிறும் பலகைப் பிடியும் முகத்தருகே ஆடும் வேலையில் மடலின் கதி என்ன? உப்புத் தூசி விழுந்த கண்ணைக் கசக்காதிருக்க எத்தனை பேரால் முடியும்? ஏற்கெனவே காற்றாலும் வெயிலாலும் உலர்ந்த கண் மேலும் உலர்ந்தால் அது நித்திய துன்பம். ஆகவே இக்கரையில் முதலில் அளக்க வேண்டியது கண்ணீரை. ஒரு சிறு காகிதத் துண்டைக் கீழ் இமையில் ஐந்து நிமிடம் வைத்து அது எவ்வளவு நனைகிறது என்று பார்க்கும் எளிய சோதனை அது. காலமும் முக்கியம். எவ்வகைச் சிகிச்சையாயினும் அளத்து வேலை ஓய்ந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களே உகந்தவை.

கண்ணில் வளரும் சதையும் வெயிலோடும் தூசியோடும் தொடர்புடையதே. கதிரால் கண்ணாடியைக் கழற்றும் சிகிச்சைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சதையைக் கத்தியால் நீக்கி, மீண்டும் வளராதிருக்க அதே கண்ணின் மேற்பகுதியிலிருந்து மெல்லிய வெண்படலத்தை எடுத்து அவ்விடத்தில் ஒட்டுவதே முறை. சதை படலத்தை இழுத்து வளைப்பதால் சிதறல் பார்வையும் சிலருக்கு உண்டாகும். சதை போனபின் கண்ணாடி அளவே மாறிவிடும்.

நெசவாளர் விஷயம் வேறு வகை. சிறுவந்தாட்டுப் பட்டுத் தறியில் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று கொள்வோம். அவருக்குக் கிட்டப்பார்வை, அளவு கழித்தல் 2. தெருவில் நடக்கையில் கண்ணாடி அணிகிறார்; தறியில் அமர்ந்ததும் கழற்றி வைத்துவிட்டு அறுந்த இழையைச் சிரமமின்றிப் பிணைக்கிறார். நாற்பதுக்குமேல் எல்லார்க்கும் வரும் வெள்ளெழுத்து இவரைத் தொல்லை செய்யாமைக்குக் காரணம் அந்தக் கிட்டப்பார்வையே. அவர் கண் அரை மீட்டர் தூரத்தில் தானாகவே தெளிகிறது. இவருக்கு லேசர் செய்து தொலைவைத் தெளிவாக்கினால் என்ன ஆகும்? தெருவில் கண்ணாடி வேண்டாம்; தறியில் கண்ணாடி வேண்டும். நாளில் பத்து மணி நேரம் தறியில் இருப்பவருக்கு இது இலாபமா, நட்டமா? ஒரு கண்ணைத் தொலைவுக்கும் மற்றதை அருகுக்குமாக அமைக்கும் வழி ஒன்று இருக்கிறது. அதையும் முதலில் தற்காலிக வில்லை அணிந்து சில நாள் சோதித்துப் பார்த்தே முடிவு செய்வர்.

வெள்ளெழுத்துக்கு எளிய படிக்கும் கண்ணாடியே பேருதவி. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது கடந்த பறிப்போருக்கு இலவசக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2018இல் வெளியாயிற்று. கண்ணாடி பெற்றோரின் பறிப்பு, பெறாதோரைவிட 21 சதவிகிதத்துக்கும் மேலாக உயர்ந்தது. அதற்குக் கதிர் வேண்டியிருக்கவில்லை.

செலவுக்கு வருவோம். லேசர் சிகிச்சை வகைக்கேற்பச் சில பதினாயிரம் ரூபாயில் தொடங்குகிறது. ஸ்மைல் முறை ஒரு லட்சத்தை ஒட்டியும் செல்லும். மருத்துவக் காப்பீடு வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று: பார்வை அளவு 7.5 டயாப்டருக்குக் குறைந்தால் அதன் திருத்தச் செலவை விலக்குவது இந்நாட்டுக் காப்பீட்டு நிறுவனங்களின் பொது விதி. காவல்துறை, இராணுவம் முதலிய வேலைகளை எண்ணிப் பிள்ளைகளுக்குச் செய்விப்போர், அவ்வேலையின் விதி எம்முறையை ஏற்கிறது, சிகிச்சைக்குப்பின் எத்தனை மாதம் கழிய வேண்டும் என்பதை எழுத்தில் பார்த்தபின் செய்விக்கட்டும்.

சோதனைக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றால் புதுச்சேரி. அங்கே ஜிப்மர் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளையும், கடலூர்ச் சாலையில் தவளக்குப்பத்தில் 2003 முதல் நடந்து வருகிறது.

நம் அங்கத்தினர் தம் மகளை அழைத்துக்கொண்டு சோதனைக்குச் சென்று வந்தார். பெண்ணின் படலம் 515 மைக்ரான், வரைபடத்தில் கூம்பல் இல்லை, கண்ணீர் போதுமானது. ஆனால் பழைய சீட்டோடு ஒப்பிட்டதில் அளவு ஓராண்டில் முக்கால் டயாப்டர் ஏறியிருந்தது. அளவு நின்றபின் அடுத்த ஆண்டு வரலாம் என்றனர். “கண்ணாடி போட்டவளைப் பெண் கேட்க மாட்டார்கள் என்று அத்தைதான் பயமுறுத்தினாள் அப்பா, எனக்கு அவசரம் இல்லை” என்று அப்பெண் பேருந்திலேயே சொல்லிவிட்டதாகத் தந்தை சிரித்துக்கொண்டு சொன்னார். அவருடைய கண் சதைக்கு ஐப்பசியில் நாள் குறித்திருக்கின்றனர். மனுத்தாளில் முதலில் எழுதிய தொகையை அடித்துவிட்டு, போக்குவரத்து, மருந்து, பக்கவாட்டிலும் மறைப்புள்ள கறுப்புக் கண்ணாடி இரண்டு, மகளுக்குப் புதிய அளவில் மூக்குக் கண்ணாடி ஒன்று என எழுதிக் கையெழுத்திட்டார்.